தண்ணி குடிக்காத நாப்பத்தொரு பேர்

எத்தனை குழந்தைங்கன்னு கேட்டா ஒரு நம்பரைச் சொல்லிட்டு உள்ள போயிருவாங்கன்னு நெனச்சுக் கணக்கெடுக்க வந்திருப்பே, அம்மிணி. வெயில்ல இத்தனை தூரம் நடந்து வந்தவ, சித்தெ உக்காரு. அந்தப் பொட்டியை மடியில வெச்சுக்க. அதுல நீ தட்டற கட்டத்துக்குள்ள என் பதில் அடங்குமான்னு எனக்குத் தெரியல, அடங்காட்டி அது பொட்டியோட கெரகம், என்னோடதில்லை. உசுரோட பொறந்தது எத்தனை, கலைஞ்சது எத்தனை, இப்ப இருக்கறது எத்தனைன்னு வரிசையா வெச்சிருக்கே. வரிசையா நடந்திருந்தா நானும் வரிசையாச் சொல்லிருவேன். நடந்ததைச் சொல்றேன், நீ எங்க போடுவியோ போட்டுக்க.

இந்த ஓணாங்கரட்டுக்கு மிஷின் வந்தப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. கரண்டு வந்திருச்சு, மோட்டார் வந்திருச்சு, டிவி வந்திருச்சு, நாலாவதா அது வந்துச்சு. செவ்வாயும் வெள்ளியும் டவுன்ல இருந்து ஒரு டாக்டரம்மா வேன்ல கொண்டாந்து, புண்ணாக்குக் கடை மாடியில எறக்கி வெச்சு, வயித்து மேல சில்லுனு ஒரு பசையைத் தடவி, கரண்டி மாதிரி ஒண்ணை வெச்சு அழுத்தினா, பக்கத்துல இருக்கற டிவியில புள்ளி புள்ளியா ஒரு படம் ஓடும், அந்தப் புள்ளிக்குள்ள ஒரு குழந்தை கையையும் காலையும் உதறிட்டுக் கெடக்கும். ஊரே அதிசயப்பட்டுப் போச்சு. வயித்தைக் கிழிக்காம வயித்துக்குள்ள பாக்கறாங்களே, இதுக்கு மேல என்ன இருக்குதுன்னு ஆம்பளைங்க டீக்கடையில உக்காந்து பேசினாங்க.

நான் அங்க ஆயா. படிக்கட்டைக் கூட்டறது, பசையைத் துடைக்கறது, பொறவு இன்னொரு வேலை. டாக்டரம்மா வாயைத் தொறந்து எதையும் சொல்ல மாட்டாங்க. படத்தைப் பாத்துட்டு என்னைப் பாப்பாங்க. கண்ணாடியைக் கழட்டினா பையன், நான் வெளிய வந்து அந்தப் பொம்பளை கையில ஒரு சிட்டிகை சர்க்கரை வைப்பேன். கழட்டாம இருந்தா பொட்டை, ஒரு டம்ளர் தண்ணி கொடுப்பேன். சர்க்கரை வாங்கினவ படி இறங்கி ஊட்டுக்குப் போயிருவா. தண்ணி வாங்கினவ குடிச்சுட்டுப் பக்கத்து ரூமுக்குப் போவா. சாயங்காலம் நான் ஒரு வாளியைத் தூக்கிட்டுக் கரட்டு மேட்டுப் பக்கம் போவேன். வாளிக்குள்ள பாக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. நான் பாத்தேன். ஒரு கை இருந்துச்சு, என் கட்டைவெரல் நகத்தளவு, அதுல அஞ்சு வெரலும் இருந்துச்சு.

என்னை அப்படிப் பாக்காதே. மிஷின் வாரதுக்கு முன்னால இந்த ஊர்ல பொட்டப்புள்ள சாகலைன்னா நெனச்சே? பொறந்த பொறவு செஞ்சாங்க, எருக்கம்பால் ஊத்திச் செஞ்சாங்க, செஞ்சவ ஒரு மாசம் சோறு திங்காம மோட்டுவளையைப் பாத்துட்டுக் கெடப்பா. மிஷின் வந்த பொறவு அந்த ஓரியாட்டம், அந்தத் தொந்தரவு இல்லை. மூஞ்சியைப் பாக்க வேண்டியதில்லை, அழுகையைக் கேக்க வேண்டியதில்லை, மத்தியானம் ஊட்டுக்கு வந்து கொழம்பு வெச்சுப் போடலாம். மிஷின் எங்களுக்குப் புதுசாக் கொல்லச் சொல்லிக் கொடுக்கல, கொன்னுட்டு நல்லாத் தூங்கச் சொல்லிக் கொடுத்துச்சு.

எனக்கும் ஒரு வெள்ளிக்கிழமை வந்துச்சு. தலைச்சன் புள்ளை, நாலாவது மாசம். நானே மேசை மேல படுத்தேன், டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டல. அன்னிக்கு வெளிய வந்து எனக்குத் தண்ணி கொடுக்க ஆரு இருக்கா? ஆயா நான்தான். நானே எழுந்திரிச்சேன், நானே மொண்டேன், நானே குடிச்சேன். எம் மாமியா செத்து ரெண்டு வருஷமாச்சு, ஊட்டுக்காரரு சந்தையில இருந்தாரு, என்னை ஒருத்தரும் கட்டாயப்படுத்தலை. இத்தனை வருஷத்துல சொல்றதுக்குக் கஷ்டமான பேச்சு இதுதான், அம்மிணி. இன்னொண்ணும் சொல்லிடறேன், அந்த மேசைக்குப் போறதுக்கு முந்தின வாரம் வரைக்கும் மனசுக்குள்ள அதுக்கு ஒரு பேரு வெச்சுக் கூப்பிட்டுட்டு இருந்தேன். அந்தப் பேரை ஆருகிட்டயும் சொன்னதில்லை. அடுத்த வருஷம் சர்க்கரை வந்துச்சு, பூபதி பொறந்தான். அவ இறங்கின சீட்டுல ஏறி உக்காந்தவன் அவன்.

ஆறு வருஷம் ஓடுச்சு. அப்பறம் சட்டம் வந்துச்சு, வேன் வாரது நின்னுச்சு, எல்லாரும் மறந்துட்டாங்க. மறந்தது மறந்த மாதிரியே இருக்குமா? இஸ்கூல்ல பொண்ணுங்க வரிசைல நாலு பேர் நின்னாங்க. மாரியம்மன் நோம்பிக்கு முளைப்பாரி தூக்க ஆளில்லாம மீசை வெச்ச பசங்க தூக்கிட்டு வந்தாங்க, கும்மியடிக்கவும் அவனுங்களேதான் வட்டம் போட்டு நின்னாங்க. அப்பறம் பசங்களுக்கு மீசை நரைக்க ஆரம்பிச்சுச்சு. போன்ல ஒரு பொண்ணு போட்டோ வந்தா நாப்பது பேர் தலையை முட்டிட்டுப் பாப்பானுங்க, பாத்துட்டு நாப்பது பேரும் அதே பொண்ணுக்கு ஜாதகம் அனுப்புவானுங்க. நூத்திப் பன்னெண்டு பேர், கல்யாணமாகாதவனுங்க, இந்த ஒரு ஊர்ல. சாராயமும் சண்டையுமா, வாரத்துக்கு ஒருத்தன் மண்டை உடையும், மாசத்துக்கு ஒருத்தன் கிணத்துல குதிப்பான். என் பூபதி குதிக்கலை. அவன் டிவியை உடைச்சான், கதவை உடைச்சான், ஒரு நாள் என் பல்லை உடைச்சான்.

அப்படி இருக்கறப்ப, இன்னியோட நாலு வருஷமாச்சு, ஒரு செவ்வாய்க்கிழமை பத்து நாப்பது பஸ்ஸுல அவங்க வந்து இறங்கினாங்க.

நாப்பத்தொரு பேர். இருபத்தஞ்சு வயசுல இருந்து முப்பத்தொண்ணு வரைக்கும், ஒவ்வொருத்தியும் உசுரோட இருந்திருந்தா அன்னிக்கு எத்தனை வயசோ அத்தனை வயசு. பொம்பளைங்களுக்கு இலவசம்கறதால கண்டக்டர் எங்க ஏறினாங்கன்னு கேக்கவே இல்லையாமா. தலைமுடி நனைஞ்சிருந்துச்சு, எத்தனை வெயிலடிச்சும் அது காயல. ஒருத்தர்கிட்டயும் வழி கேக்காம, இவ இந்தச் சந்துல, அவ அந்தச் சந்துலன்னு, தோட்டத்துல ஊடு இருந்தா வரப்பு வழியா, நேரா அவங்கவங்க ஊட்டுக்குப் போய்ச் செருப்பில்லாத காலைக் கழுவிட்டு உள்ள நுழைஞ்சாங்க. ஓடி ஒளிஞ்சவங்க ஒருத்தருமில்லை. அப்பன் மூக்கும் ஆத்தா நெத்தியும் அப்படியே இருந்தா நீ ஆருன்னு கேக்க என்ன இருக்குது? வந்துட்டியா சாமி, வா, உக்காருன்னு சொன்னாங்க.

என் ஊட்டு வாசப்படியில நின்னவளுக்கு என் ஊட்டுக்காரரோட காது, மேல கொஞ்சம் கூம்பி இருக்கும். நான் அடுப்படியில இருந்தவ, ஊட்டுக்கு வந்தவங்களுக்குச் செய்யற பழக்கத்துல ஒரு டம்ளர் தண்ணியை மொண்டுட்டு வந்து நீட்டிட்டேன். அவ டம்ளரைப் பாத்தா, என் கையைப் பாத்தா.

"தண்ணி வேண்டாம்மா" அப்படின்னா.

நாப்பத்தொரு ஊட்டுலயும் அதே பேச்சுத்தான் நடந்திருக்குது. மோர் குடிச்சாங்க, டீ குடிச்சாங்க, இளநி குடிச்சாங்க, வெறும் தண்ணியை மட்டும் ஒருத்தியும் தொடலை. அது ஏன்னு இந்த ஊர்ல இருக்கற ஒவ்வொரு பொம்பளைக்கும் தெரியும். மோரைக் கலக்கி நீட்டினோம். வந்தவங்க ஒண்ணும் கேக்கலை. எம் பொண்ணு ஒண்ணே ஒண்ணு கேட்டா, மூணாம் நாள் வெங்காயம் உரிச்சுட்டு இருக்கறப்ப, தன் பேரு என்னன்னு கேட்டா. எனக்கு அந்தப் பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வெச்சுக் கூப்பிட்ட பேரைச் சொன்னா, வெச்சுட்டுக் கொன்னதையும் சொல்லணுமே. கொழம்பு கொதிக்குதுன்னு எழுந்திரிச்சுப் போயிட்டேன்.

முதல் வாரம் ஊருக்கு ஒரே கவலைதான், ரேஷன் கார்டு. கடைக்காரன் அவங்க வெரலை மிஷின்ல வெச்சா ரேகை விழவே இல்லை. தொடச்சுத் தொடச்சு வெச்சுப் பாத்தான், வழவழன்னு இருந்துச்சு வெரல், அந்த நாலாவது மாசத்துல ரேகை எங்க விழுந்திருக்கும்? அவன் சர்வர் கோளாறுன்னு எழுதிட்டான். தோள்ல தடுப்பூசித் தழும்பு இல்லைன்னு நர்ஸ் கண்டுபுடிச்சு, நாப்பத்தொரு பேரையும் வரிசையா நிக்க வெச்சு ஊசி போட்டா. ஊசி ஏறின எடத்துல ரத்தம் வந்துச்சு, எல்லாருக்கும் வர்ற மாதிரியே சிவப்பா வந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் ஊர் ஆம்பளைங்க ரோசனை பண்ண ஆரம்பிச்சாங்க.

ரத்தம் இருக்குது, வயசிருக்குது, கல்யாணமாகலை. நூத்திப் பன்னெண்டு பேர் இருக்கறாங்க. வேற என்ன ரோசனை வரும்?

ஆனா ஒரு சந்தேகம், புள்ளை பெத்துக்குவாங்களா? அதுக்கும் மிஷின்தான். ரெண்டு வேன் புடிச்சு டவுன்ல இருக்கற புது ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. குழந்தை ஆணா பொண்ணான்னு சொல்றது குற்றம்னு சுவத்துல இந்தப் பெருசு எழுதியிருந்துச்சு, அதுக்குக் கீழதான் எங்களை உக்கார வெச்சாங்க. எம் பொண்ணோட நான் உள்ள போனேன். சின்ன வயசு டாக்டரு, பசையைத் தடவி அழுத்தினாரு. டிவியில புள்ளி ஓடுச்சு, ஓடி நின்னுச்சு, அதுல ஒரு ரூம் தெரிஞ்சுது. புண்ணாக்குக் கடை மாடி. காத்தாடி சுத்துது, பால் கம்பெனி காலண்டர் தொங்குது, மேசை மேல நான் படுத்திருக்கேன், இருபத்துமூணு வயசுல, ஒடம்பு நெறைய உசுரோட. நான் எழுந்திரிக்கறேன், பானைகிட்டப் போறேன், மொள்றேன், குடிக்கறேன். குடிச்சுட்டு வாயைத் தொடச்சுக்கறேன். அன்னிக்கு மிஷின் அவளைப் பாத்தப்ப அவளும் மிஷின் வழியா எங்களைப் பாத்துட்டுத்தான் இருந்திருக்கா. நாங்கதான் ஒரு பக்கந்தான் தெரியும்னு நெனச்சுட்டோம்.

நாப்பத்தொரு பேர் வயித்துலயும் அந்த ரூம்தான் தெரிஞ்சுது. கதவோரம் நின்னு தலையாட்டின அப்பன் தெரிஞ்சான், வெத்தலை மென்னுட்டு உக்காந்திருந்த மாமியா தெரிஞ்சா, அழுதவ தெரிஞ்சா, அழாதவளும் தெரிஞ்சா. அத்தனை டம்ளரையும் நீட்டின என் கை தெரிஞ்சுது. டாக்டருக்கு வேர்த்துக் கொட்டுது. வெளிய நின்ன பெரிய மனுசனுங்க எட்டிப் பாத்துட்டு, அதெல்லாம் பழைய படம், அதை உடுங்க, கர்ப்பப்பை நல்லா இருக்குதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கன்னாங்க. நார்மல்னு எழுதிக் கொடுத்தாரு. நாப்பத்தொரு நார்மலையும் கவர்ல போட்டு வாங்கிட்டு வந்தோம், வர்ற வழியில எல்லாரும் பரோட்டா தின்னோம்.

அடுத்தது ஜாதகம். பொறக்காதவளுக்குப் பொறந்த நேரம் ஏது? சோசியரு நேரம் இல்லாம கட்டம் போட முடியாதுன்னுட்டாரு. ஊர் கூடி ரெண்டு நாள் பேசி, கடைசியில என் ஊட்டுக்கு வந்தாங்க. என் சம்சாரத்துக்கு நீ எந்த நாள்ல, எத்தனை மணிக்குத் தண்ணி கொடுத்தேன்னு ஒவ்வொருத்தரா கேட்டாங்க, நேத்துச் சந்தையில தக்காளி என்ன வெலைன்னு கேக்கற மாதிரி கேட்டாங்க. எனக்கு ஞாபகம் இருந்துச்சு, எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. சொன்னேன். கொன்ன நேரத்தைப் பொறந்த நேரம்னு எழுதி நாப்பத்தொரு ஜாதகம் கணிச்சாங்க. வேன் வந்தது செவ்வாயும் வெள்ளியும், பத்து மணியில இருந்து ஒரு மணிக்குள்ள, அதனால பாதிக்கு மேல கிழமையும் நேரமும் ஒண்ணே. சோசியரு ஒரு ஜாதகத்தைப் பாத்துட்டு முகத்தைச் சுளிச்சாரு, ஆயுசு பாவத்துல ஒண்ணுமே இல்லையே, இவ பொறந்த நாழியிலயே போயிருக்கணுமேன்னாரு. ஆமாங், போயிட்டு வந்திருக்கறான்னு பொண்ணோட அப்பன் சொன்னான். அப்ப செரின்னு ஒரு பரிகாரத்தை எழுதிக் கொடுத்துட்டாரு.

பொருத்தம் பாத்தாச்சு. ஆருக்கு ஆரைக் கொடுக்கறதுன்னு வந்தப்பத்தான் கத்தி வெளிய வந்துச்சு. எங்க பக்கம் பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுக்கற வழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். உன் அக்காளை எனக்குக் கொடு, என் தங்கச்சியை நீ கட்டிக்க. நாப்பத்தொரு ஊட்டுப் பசங்களும் தங்களுக்குள்ள மாத்திக்கலாம், கடைசியா மிஞ்சற மூணு ஊடு மட்டும் சுத்துக்கு மாத்திக்கலாம்னு ஒரே நாள்ல முடிவு பண்ணிட்டாங்க. என் பூபதி தன் அக்காளை நவநீதனுக்குப் பேசி, நவநீதன் தங்கச்சியைத் தனக்குப் பேசி, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம பத்திரிகை அடிச்சுட்டு வந்துட்டான். அதுல அவளுக்குத் தனலட்சுமின்னு பேரு போட்டிருந்துச்சு. அவ பத்திரிகையை வாங்கிப் பாத்துட்டு, இதுவா என் பேருன்னு என்னைக் கேட்டா. நான் மாவாட்டப் போயிட்டேன்.

நவநீதன் எப்பேர்ப்பட்டவன்னா, நாய் குரைச்சுதுன்னு நாயைக் கட்டி வெச்சு மம்பட்டியில வெட்டினவன். அவனுக்கு வேண்டாம்டான்னு பூபதிகிட்டச் சொன்னேன், கையெடுத்துக் கூடக் கும்பிட்டேன். அவன் சொன்னதை அப்படியே சொல்றேன்.

"அன்னிக்கு எனக்காகத்தானே அவளைக் கொன்னே? இன்னிக்கும் எனக்காகக் கொடு."

கும்பிட்ட கையை எறக்கிட்டு, கல்யாணத்துக்கு அரிசி அளக்கப் போயிட்டேன்.

மாத்திக்க ஆளிருக்கறவன் மாத்திக்கிட்டான். மீதி எழுபத்தொரு பேர்? அதுல பாதிப் பேரு ஊட்டுல மிஷின்கிட்டப் போகாதவங்க. நெனச்சுப் பாரு, எந்த ஊட்டுல பாவம் பண்ணலையோ அந்த ஊட்டுக்குத்தான் பஸ்ஸுல ஒருத்தியும் வந்து இறங்கலை. எதிர்ச் சந்துல ராமாயாள்னு ஒருத்தி, நான் நீட்டின தண்ணியை என் மூஞ்சியிலயே ஊத்திட்டுப் படியிறங்கிப் போனவ. அந்தப் பொண்ணைப் பெத்து, வளத்து, படிக்க வெச்சு, திருப்பூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்துட்டா. அதுக்குப் பின்னால பொறந்தவன் கதிரப்பன், முப்பது வயசு. அவனுக்கு மாத்திக்க ஊட்டுல பொண்ணில்லை. பட்டப்பகல்ல, சந்துல நாங்க எல்லாம் பாத்துட்டு நிக்க, பெத்தவளைத் தலைமுடியைப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டு வந்தான்.

"நீயும் ஒண்ணைக் கலைச்சிருந்தா இன்னிக்கு எனக்கும் ஒரு பொண்டாட்டி வந்திருப்பா இல்ல?" அப்படின்னு கேட்டுட்டே இடுப்புல மிதிச்சான். மறுபடியும் மிதிச்சான். எலும்பு முறியற சத்தம் எங்களுக்குக் கேட்டுச்சு. எங்க நாப்பத்தொரு ஊட்டுப் பொம்பளைங்களும் அதைப் பாத்துட்டு நின்னோம், தடுக்கப் போனவ எம் பொண்ணு ஒருத்திதான். ஓடிப் போய் ராமாயாள் மேல விழுந்து படுத்துக்கிட்டா, நாலு மிதி அவ முதுகுல விழுந்துச்சு. அன்னிக்கு எனக்கு என் மேல வந்த ஆங்காரம் இன்னும் ஆறலை.

கல்யாணத் தேதி வந்துச்சு. நாப்பத்தொரு ஜோடிக்கும் ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம், ஒம்பதரை பத்தரை. வாசல்ல டிஜிட்டல் பேனர், அதுல நாப்பத்தொரு பொண்ணுங்க போட்டோ, எத்தனை தடவை எடுத்தும் முடி நனைஞ்ச மாதிரியே விழுந்துச்சுன்னு போட்டோக்காரன் கம்ப்யூட்டர்ல காய வெச்சுப் போட்டிருந்தான். முதல்ல இணைச்சீரு. கூறைச்சேலையோட ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை அவன் கூடப் பொறந்தவளும் புடிச்சுக்கணும், எங்க போனாலும் உனக்குப் பொறந்த ஊட்டுல உரிமை இருக்குதுன்னு அர்த்தம். இருபது வருஷமா இந்த ஊர்ல அந்தச் சீருக்குப் பொம்பளை கெடைக்காம பங்காளி ஊட்டுக் குழந்தைங்களை நிக்க வெச்சு ஒப்பேத்தினாங்க. அன்னிக்கு நாப்பத்தொரு பேரும் சேலை முனையைப் புடிச்சுட்டு நிக்கறதைப் பாத்து ஊரே அழுதுச்சு. சந்தோசத்துல அழுதுச்சு, கெரகம். மேடை ஓரத்துல தாரை வார்க்கறதுக்கு ஒரு பித்தளைக் குடம் நெறையத் தண்ணி வெச்சிருந்தாங்க. ஊட்டுக்காரரு போய்ச் சேந்துட்டதால எம் பொண்ணுக்குத் தாரை ஊத்திக் கொடுக்க வேண்டியவ நான்தான். மறுபடியும் தண்ணி, மறுபடியும் என் கை.

அப்பத்தான் ஜேசிபி வந்து மண்டபத்து கேட்டை முட்டுச்சு.

எழுபத்தொரு பேரும் வந்தாங்க. அருவா, மோட்டார்ப் பைப்பு, மம்பட்டிக் காம்பு. கேட்டு சரிஞ்சதுல காவலுக்கு இருந்தவன் அடியில போயிட்டான், அவன் மேலதான் எல்லாரும் மிதிச்சுட்டு உள்ள வந்தாங்க. பந்தியில உக்காந்திருந்தவன் எலையிலயே ஒருத்தன் காது விழுந்துச்சு. கொதிக்கற சாம்பார் அண்டாவைக் கவுத்து விட்டாங்க. நேத்து வரைக்கும் ஒரே டம்ளர்ல குடிச்சவனுங்க ஒருத்தனை ஒருத்தன் கழுத்துல வெட்டினானுங்க, நாகஸ்வரக்காரரு பயத்துல நிறுத்தாம ஊதிட்டே இருந்தாரு. பொண்ணுங்களை ஆளுக்கொரு பக்கம் இழுத்தாங்க. அண்ணன் ஒரு கையை, மாப்பிள்ளை ஒரு கையை, வந்தவன் முடியை. ஒருத்தியும் கத்தலை, அம்மிணி. கத்திப் பழக்கமில்லாதவங்க.

கதிரப்பன் எம் பொண்ணோட எடது கையைப் புடிச்சான். பூபதி வலது கையை உடலை. அவ போயிட்டா நவநீதன் தன் தங்கச்சியைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவான், அந்தப் பயம் அவனுக்கு. ரெண்டு பேரும் பலங்கொண்ட மட்டும் இழுத்தானுங்க. அவ தோள்ல இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, எடது கை கழண்டு தொங்குச்சு. எனக்கு வாளி ஞாபகம் வந்துச்சு. அந்த அஞ்சு வெரல் ஞாபகம் வந்துச்சு. இந்தக் கை தனியா வர்றதை நான் முன்னயே ஒரு தடவை பாத்துட்டேன்.

கதிரப்பன் இன்னும் பலமா இழுக்கவும் பூபதிக்கு வெறி வந்திருச்சு. கீழ கெடந்த அருவாளை எடுத்தான். எனக்குப் பொண்டாட்டி கெடைக்காட்டி இவ எவனுக்கும் வேண்டாம்னு அவ கழுத்துக்கு நேரா ஓங்கினான்.

யோசிக்காம செஞ்சேன்னு போலீஸ்ல சொல்லச் சொல்லி ஊர்ல சொன்னாங்க. அது பொய். யோசிச்சேன். ஓங்கின கைக்கும் அவ கழுத்துக்கும் நடுவுல எத்தனை நேரம் இருந்திருக்கும், அத்தனை நேரத்துலயும் யோசிச்சேன். பால் கொடுத்தது அவனுக்கு, காய்ச்சலுக்கு ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தது அவனுக்கு, அவளுக்குக் கொடுத்தது ஒரு டம்ளர் தண்ணி, அதுவும் நான் குடிச்சது. யோசிச்சுட்டு, அந்தப் பித்தளைக் குடத்தை ரெண்டு கையிலயும் தூக்கி, அவன் பின் மண்டையில என் பலமெல்லாம் வெச்சுப் போட்டேன். போடறப்ப என் தொண்டையைக் கிழிச்சுட்டு அந்தப் பேரு வந்திருச்சு.

"அமராவதி!"

அவ திரும்பினா. முப்பத்தொரு வருஷமா அந்தப் பேரைக் கேட்டுப் பழகினவ மாதிரி திரும்பினா.

பூபதி என்னைப் பாக்காமயே விழுந்தான். குடத்துத் தண்ணியும் அவன் ரத்தமும் மேடையெல்லாம் ஓடுச்சு. கதிரப்பன் கையை உட்டுட்டு அப்படியே கீழ உக்காந்து, தன் ஆத்தாளைக் கூப்பிட்டு அழுதான். எம் பொண்ணு என் பக்கத்துல வந்து உக்காந்தா. குடத்தடியில கொஞ்சம் தண்ணி மீந்திருந்துச்சு. தொங்கின கையை மடியில வெச்சுக்கிட்டு, நல்ல கையைக் குடத்துக்குள்ள உட்டு, ஒரு கை மொண்டு குடிச்சா.

அன்னிக்குப் பதினோரு பேர் செத்தாங்க, அதுல மூணு பேர் பஸ்ஸுல வந்த பொண்ணுங்க. மத்தியானம் ஒண்ணேகால் பஸ்ஸுல பத்தொம்பது பேர் ஏறிப் போயிட்டாங்க, எங்க இறங்கினாங்கன்னு கண்டக்டருக்கு ஞாபகமில்லை. மீதிப் பேர் இங்கதான் இருக்கறாங்க, சிலபேர் வாழறாங்க, சிலபேர் அடி வாங்கறாங்க. மாசமானவங்களை ஸ்கேனுக்குக் கூப்பிட்டா ஒருத்தியும் வாரதில்லைன்னு நர்ஸ் கொறைப்பட்டுக்கறா. நான்தான் எம் பையனைக் கொன்னேன்னு ஸ்டேஷன்ல போய் நின்னேன். பெத்தவ அப்படிச் செய்வாளாம்மா, போங்க ஊட்டுக்குன்னு இன்ஸ்பெக்டர் அனுப்பிட்டாரு. கலவரத்துல செத்ததா எழுதியிருக்குது. பெத்தவ செய்ய மாட்டாளாமா. இந்த ஊர்ல, என்னைப் பாத்து அப்படிச் சொன்னாரு.

இதோ வந்துட்டா பாரு. ராமாயாளைக் குளிப்பாட்டி வெச்சுட்டு வாரா, தினமும் போவா, அவளுக்கு இன்னும் இடுப்பு எழும்பல. இவளுக்கு எடது கை அத்தனை மேல தூக்க வராது, டம்ளர் புடிக்கற அளவுக்கு வரும். முடி இப்பக் காஞ்சிருக்குது, தொட்டுப் பாக்கறியா? உனக்குத்தான் தண்ணி கொண்டாரா. வாங்கிக் குடி, கண்ணு, பயப்படாதே.

குடிச்சுட்டு எழுதிக்க. பெத்தது ஒண்ணு. கொன்னது ரெண்டு. இருக்கறது ஒண்ணு. பொட்டி ஏத்துக்கலைன்னா என்னைக் கேக்காதே, அவளைக் கேளு. அவ பேரை மட்டும் சரியாப் போடு.